ஸ்டார்ட்டர் மோட்டாரின் மேல் போல்ட்

சாவியைத் திருப்பியதும் எஞ்சினைச் சுழற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கியர்பாக்ஸோடு பிடித்திருப்பவை இரண்டே போல்ட்டுகள். இரண்டுக்கும் 14 மி.மீ. தலை. மோட்டாரை மேஜைமேல் வைத்துக் காட்டினால், ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எவரும் டீ ஆறுவதற்குள் கழற்றிவிடுவார்கள். வண்டிக்குள் இருக்கும்போது அதே இரண்டு போல்ட்டுக்காக எனக்கு ஒரு வார இறுதி ஏறக்குறைய முழுதாகப் போயிற்று. அதில் கீழ் போல்ட்டின் பங்கு மிகக் குறைவு. நேரத்தைத் தின்றது மேல் போல்ட்டுதான்.

வண்டி 2009 மாடல் சிறிய பெட்ரோல் ஹாட்ச்பேக். எஞ்சின் குறுக்குவாட்டில் கிடக்கிறது. ஸ்டார்ட்டர் எஞ்சினுக்குப் பின்பக்கம், எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டு போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், எஞ்சினையும் நம் கால்களையும் பிரிக்கும் தகட்டுச் சுவரை ஒட்டிச் செருகப்பட்டிருக்கிறது. பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தால் மோட்டாரின் முதுகு மட்டும் தெரியும். கீழே படுத்துப் பார்த்தால் வயிறு தெரியும். மேல் போல்ட் எங்கிருந்து பார்த்தாலும் தெரியாது.

கோளாறு தொடங்கியது வழக்கமான முறையில்தான். காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டு முறை திருப்பிப் பார்த்தால் மூன்றாவது முறை ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். பிறகு ‘டக்’ சத்தமும் சில நாள் வராமல் போனது. திருவான்மியூரில் எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்தம் சமதரையில் இருப்பதால் வாட்ச்மேனும் இன்னொருவரும் கை கொடுத்தால் தள்ளி, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டு ஸ்டார்ட் செய்துவிடலாம். ஆனால் எத்தனை நாளைக்கு அவர்களைக் கூப்பிடுவது?

ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் பேட்டரியை மாற்றச் சொல்வது ஊர் வழக்கம். எனக்குக் கை வைப்பதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும். வண்டி ஓய்ந்திருக்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது. நல்ல நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு வாட்ச்மேனைச் சாவி திருப்பச் சொன்னேன். வெளிச்சம் துளியும் மங்கவில்லை. இதுதான் முக்கியமான தடயம். ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும் சாதனம். அது மின்சாரத்தை இழுத்தும் சுற்றாமல் நின்றால் விளக்கு மங்கும். விளக்கு மங்கவே இல்லை என்றால் மின்சாரம் மோட்டாருக்குள் போகவே இல்லை.

அடுத்து, வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திக் கீழிருந்து அளந்தேன். மோட்டாரோடு ஒட்டியிருக்கும் மின்காந்த சுவிட்சான சொலினாய்டின் பின்புறம் தடித்த திருகாணிகள் இரண்டு இருக்கும். ஒன்றுக்குப் பேட்டரியிலிருந்து நேராக வயர் வருகிறது. மற்றொன்றிலிருந்து ஒரு பின்னல் வயர் மோட்டாருக்குள் நுழைகிறது. சாவியைத் திருப்பியபோது இரண்டாவது திருகாணியிலும் கிட்டத்தட்ட 12 வோல்ட் வந்தது, மோட்டார் அசையவில்லை. மோட்டாரின் உடலுக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே பார்த்தால் ஏறக்குறைய பூஜ்யம். எர்த் அறுந்திருந்தால் அங்கே வோல்ட் ஏறியிருக்கும். ஆக, வாசல்வரை மின்சாரம் வருகிறது, உள்ளே புகவில்லை. மோட்டாரின் சுற்றும் பகுதிக்கு மின்சாரத்தைக் கொண்டு சேர்க்கும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது.

‘டக்’ சத்தம் சில நாள் ஏன் வரவில்லை என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. சொலினாய்டுக்குள் இரண்டு சுருள்கள் உண்டு. பிளஞ்சர் என்னும் இரும்புத் தண்டை உள்ளே இழுப்பது ஒன்று, இழுத்ததைப் பிடித்து வைப்பது மற்றொன்று. பிடித்து வைக்கும் சுருளுக்கு நேரடி எர்த் இருக்கிறது. இழுக்கும் சுருளோ மோட்டாரின் பிரஷ்கள் வழியாகத்தான் எர்த்தை அடைகிறது. பிரஷ் தொடவில்லை என்றால் சொலினாய்டும் ஊமையாகிவிடும். சத்தம் வரவில்லை, ஆகவே சொலினாய்டு போய்விட்டது என்று அதை மட்டும் புதிதாக வாங்கி மாட்டி ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

கோளாறு என்னவென்று கண்டுபிடிப்பது வரை சுகமான வேலை. மல்டிமீட்டரும் கொஞ்சம் யோசனையும் போதும். அதற்குப் பிறகுதான் வண்டி தன் குணத்தைக் காட்டும்.

இத்தகைய வண்டிகளை வடிவமைப்பவர்கள் மெக்கானிக்குகளைப் பழிவாங்குகிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. பழி வாங்கவெல்லாம் இல்லை. அவர்கள் நம்மைப் பற்றி நினைப்பதே இல்லை. முன்சக்கர இழுவை வண்டிகள் பெரும்பாலானவற்றில் எஞ்சினும் கியர்பாக்ஸும் வெளியிலேயே ஒன்றாகப் பூட்டப்படுகின்றன. ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் எல்லாம் அப்போதே மாட்டியாயிற்று. பிறகு மொத்தத்தையும் கீழிருந்து தூக்கி உடலுக்குள் ஏற்றுகிறார்கள். தொழிற்சாலையில் அந்த மேல் போல்ட்டை முடுக்கிய தொழிலாளிக்கு முன்னால் சுவர் இல்லை, மேனிஃபோல்டு தாங்கி இல்லை, வயர்க் கட்டு இல்லை. நிமிர்ந்து நின்று, விசைத் துப்பாக்கியால் ஒரே அழுத்தில் முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பார். பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து அதே போல்ட்டை நாம் படுத்துக்கொண்டு தேடுகிறோம். விலை உயர்ந்த வண்டி என்றால் தப்பிக்கலாம் என்றும் இல்லை. 1990-களின் லெக்சஸ் எல்எஸ் 400 காரில் ஸ்டார்ட்டர் இருப்பது வி8 எஞ்சினின் இரண்டு வரிசைகளுக்கும் நடுவே, இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில். மேனிஃபோல்டைக் கழற்றாமல் மோட்டாரைத் தொடவே முடியாது. அதோடு ஒப்பிட்டால் என் நிலைமை எவ்வளவோ மேல் என்று அன்று பல முறை சொல்லிக்கொண்டேன்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயர். இதில் பேரமே கிடையாது. ஸ்டார்ட்டருக்கு வரும் தடித்த வயருக்குப் பல வண்டிகளில் ஃபியூஸ் இல்லை. ஸ்பேனரின் ஒரு முனை அந்தத் திருகாணியிலும் மறுமுனை எஞ்சினிலும் பட்டால் ஸ்பேனர் பழுக்கக் காய்ந்து அங்கேயே ஒட்டிக்கொள்ளும். பாசிட்டிவை முதலில் கழற்றப் போனால், அதைக் கழற்றும் ஸ்பேனரே வண்டியின் உடலைத் தொட்டுவிடலாம். அதனால்தான் நெகட்டிவ் முதலில்.

அடுத்தது வண்டியைத் தூக்குவது. ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுப்பவர்களையும், ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி முட்டுக் கொடுப்பவர்களையும் இன்றும் பார்க்கிறேன். அந்தக் கல் எச்சரிக்கை இல்லாமல் நொறுங்கும். ஸ்டாண்ட் ஒரு ஜோடி வாங்குவதற்குப் பணம் இல்லை என்றால் அந்த வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது. பின்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை, ஹேண்ட்பிரேக், ஸ்டாண்டில் இறக்கிய பிறகு வண்டியைக் கையால் ஆட்டிப் பார்ப்பது, இவ்வளவும் முடிந்த பிறகே தலை உள்ளே போக வேண்டும்.

மேல் போல்ட்டை நெருங்க வழி தேடினேன். கையை மேலிருந்து விட்டால் முழங்கை ஏர் ஃபில்டர் பெட்டியில் முட்டுகிறது. கீழிருந்து விட்டால் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டைத் தாண்டி விரல் நுனி மட்டும் போல்ட் தலையைத் தொடுகிறது. தொட முடிந்தும் திருப்ப முடியாத போல்ட், தொடவே முடியாத போல்ட்டைவிடக் கொடியது. இன்னும் கொஞ்சம் எட்டினால் போதும் என்று ஆசை காட்டி நேரத்தை விழுங்கும். இப்படி விரல் நுனியோடு போராடுவதைவிட, வழியில் இருப்பதையெல்லாம் கழற்றி ஓரமாக வைப்பதே குறுக்குவழி என்பது என் கட்சி. பேட்டரி, அதன் தட்டு, ஏர் ஃபில்டர் பெட்டி, அதிலிருந்து திராட்டிலுக்குப் போகும் ரப்பர்க் குழாய் எல்லாம் வெளியே வந்தன. பேட்டரித் தட்டை எத்தனை போல்ட் பிடித்திருக்கிறதோ அதில் ஒன்று எப்போதும் பேட்டரிக்கு அடியில் குப்பையோடு குப்பையாக மறைந்திருக்கும். அது வெள்ளைப் படிவம் பூத்துக் கிடந்தது. வெந்நீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றியதும் நுரைத்துக் கொட்டி, தலை தெரிந்தது.

கழற்றிய போல்ட்டுகளைத் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டு, எந்த இடத்தினுடையது என்று காகிதத்தில் எழுதிப் போட்டேன். ஒவ்வொரு கட்டத்திலும் கைபேசியில் படம் எடுத்தேன். வயர் எந்தக் குழாய்க்கு மேலே போகிறது, எதற்குக் கீழே போகிறது என்பது கழற்றும்போது மறக்கவே முடியாதது போலத் தோன்றும். மறுநாள் காலையில் சத்தியமாக நினைவிருக்காது.

இவ்வளவும் கழற்றிய பிறகு, கண்ணாடித் துண்டு ஒன்றைக் கம்பியில் கட்டி உள்ளே விட்டதும் மேல் போல்ட் முதன்முறையாகக் கண்ணில் பட்டது. அதன் தலைக்கு முன்னால் வயர்க் கட்டைத் தாங்கும் ஒரு தகடு பாதி மறைத்தபடி நின்றது. அந்தத் தகட்டைப் பிடித்திருக்கும் 10 மி.மீ. போல்ட் இன்னும் உள்ளே. இங்கே ஒரு சிறிய வேலை செய்தேன். தகட்டைக் கழற்றாமல், அதில் வயர்க் கட்டைக் கவ்வியிருந்த பிளாஸ்டிக் கிளிப்பை மட்டும் குறடால் நெருக்கித் தள்ளினேன். வயர்க் கட்டு ஒரு விரற்கடை விலகியது. அந்த விரற்கடையில் சாக்கெட் நுழைந்துவிட்டது.

சாக்கெட் பற்றி ஒரு வார்த்தை. இத்தகைய இடத்துக்குப் பன்னிரண்டு முனை சாக்கெட் வேண்டாம். ஆறு முனைதான் வேண்டும். கடற்கரை ஊரில் பதினைந்து ஆண்டு கிடந்த போல்ட்டின் தலை ஏற்கெனவே துருவில் கரைந்திருக்கும். பன்னிரண்டு முனை அதன் மூலைகளை மட்டும் பிடித்து வழித்துவிடும். தலை வழிந்துவிட்டால் எஞ்சினை இறக்குவது பற்றிப் பேச ஆரம்பிக்க வேண்டியிருக்கும். ஆறு முனை சாக்கெட், அதன் பின் யுனிவர்சல் ஜாயிண்ட், அதன் பின் ஒன்றோடு ஒன்று மாட்டிய நீள எக்ஸ்டென்ஷன்கள். இவையெல்லாம் 3/8 அங்குலச் சதுர முனை வகை; அரை அங்குல வகை அந்தச் சந்தில் நுழையாது. யுனிவர்சல் ஜாயிண்ட் தளர்ந்து தொங்கி, சாக்கெட்டை எங்கேயோ திருப்பிவிடும் என்பதால் அதன்மேல் இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்று சுற்றினேன். இப்போது அது விறைப்பாக நிற்கும், தேவையான அளவு மட்டும் வளையும். இந்த டேப் வித்தையை எனக்குச் சொன்னவர் எங்கள் தெரு ஆட்டோ எலக்ட்ரீஷியன். அவரிடம் நான் கற்றதில் அதிகம் பயன்பட்டது இதுதான்.

ராட்செட் கைப்பிடி ஏர் ஃபில்டர் இருந்த இடத்துக்கு மேலே, வெளிச்சத்தில், நின்றுகொண்டே பிடிக்கும் உயரத்தில் வந்து நின்றது. இழுத்தேன். அசையவில்லை. அலுமினியக் கூட்டில் இரும்பு போல்ட். கடற்காற்று இரண்டையும் சேர்த்து அரித்துப் பிணைத்திருக்கும். கேஸ் டார்ச்சின் தீயைக் காட்டிச் சூடேற்றலாம் என்றால் பெட்ரோல் குழாய் சாண் தூரத்தில் போகிறது. ஆகவே துரு இளக்கும் எண்ணெயை நீள ஸ்ட்ரா வைத்துப் போல்ட் தலையைச் சுற்றி அடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். எண்ணெய் ஊறும் நேரத்தில் அதன்மேல் வலிமையைக் காட்டுவது வீண்.

மறுநாள் முதலில் முடுக்கும் பக்கமாக ஒரு சிறு அழுத்தம் கொடுத்தேன். கழற்றுவதற்கு முன் முடுக்குவது புரியாத செயலாகத் தோன்றலாம். துருவின் பிடிப்பு எந்தப் பக்கம் திருப்பினாலும் உடையும். முடுக்கும் பக்கம் சற்று அசைந்தாலே பாதி உடைந்துவிடும். பிறகு கழற்றும் பக்கம் இழுத்தபோது ‘கிரீச்’ என்று ஒரு நீண்ட சத்தம். போல்ட் இளகும்போது வரும் அந்தச் சத்தத்துக்கும், போல்ட் தலை அறுந்துபோகும்போது வரும் சத்தத்துக்கும் நூலிழைதான் வித்தியாசம். ராட்செட் திரும்பத் திரும்ப இறுக்கம் குறையாமல் சீராக இருந்ததால் அறுபடவில்லை என்று தெரிந்தது. கால் சுற்று கழற்று, எட்டில் ஒரு பங்கு முடுக்கு, மறுபடி கால் சுற்று. துருத்தூள் மரைக்குள் சிக்காமல் வெளியே வர இதுவே வழி.

கடைசி இழைகளை விரலால் கழற்றினேன். போல்ட் கீழே விழுந்தால் அது தரைக்கு வராது. ஏதாவது ஒரு தகட்டின் மடிப்பில் ஒளிந்துகொள்ளும். சாக்கெட்டுக்குள் சிறிய காந்தத் துண்டு ஒன்றைப் போட்டு வைத்திருந்ததால் அதோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். மரைகளின் பள்ளத்தில் வெள்ளைப் பொடி அடைத்திருந்தது. தலையின் ஆறு மூலைகளில் இரண்டு ஏற்கெனவே மழுங்கியிருந்தன. எனக்கு முன்னால் யாரோ பன்னிரண்டு முனை சாக்கெட்டோடு வந்து, பார்த்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கீழ் போல்ட்டைக் கழற்றும்போது ஒரு கையால் மோட்டாரைத் தாங்க வேண்டும். இரண்டரை மூன்று கிலோ எடை. படுத்திருப்பவர் முகத்துக்கு நேராகத்தான் அது விழும். கழன்றுவிட்டது என்று மகிழ்ந்தால், மோட்டார் வெளியே வர மறுத்தது. கீழே டிரைவ் ஷாஃப்ட், மேலே மேனிஃபோல்டு, பின்னால் தகட்டுச் சுவர். குறுகலான மாடிப்படியில் தேக்குக் கட்டிலை இறக்குவது போல, மூக்கைத் தூக்கி, பின்பக்கத்தைத் திருப்பி, சொலினாய்டைக் கீழ்நோக்கிப் புரட்டி, எல்லாக் கோணத்திலும் முயன்றேன். ஒரு விரல் அளவு இடம் குறைவு. மேனிஃபோல்டைத் தாங்கும் சாய்வான இரும்புப் பட்டை ஒன்றைக் கழற்றியதும் அந்த இடம் கிடைத்தது. அந்தப் பட்டையைப் பற்றி எந்தக் கையேடும் பேசாது என்று பந்தயம் கட்டலாம். ‘ஸ்டார்ட்டரை அகற்றவும்’ என்று ஒரு வரியும், ‘கழற்றிய வரிசைக்கு நேர்மாறாக மாட்டவும்’ என்று மற்றொரு வரியும் எழுதிவிட்டுக் கையேடு எழுதுபவர் சாப்பிடப் போய்விடுவார்.

மோட்டாரை எடுத்துக்கொண்டு எலக்ட்ரீஷியனிடம் போனேன். வயதானவர். கையில் வாங்கிப் பார்த்ததும் சிரித்தார்.

“தம்பி, கழற்றிக் கொண்டு வந்துவிட்டீர்கள் என்றால் முக்கால் வேலை முடிந்தது. நான் கேட்கும் கூலியே கழற்றி மாட்டுவதற்குத்தான். பிரஷ் மாற்றுவதற்கு யார் காசு கொடுப்பார்கள்?”

“பிரஷ்ஷை நானே மாற்றிக்கொள்ளட்டுமா அண்ணே? பக்கத்தில் இருந்து சொல்லுங்கள், போதும்.”

“செய்யுங்கள். சுத்தியலை மட்டும் தூரப் போடுங்கள்.”

சுத்தியலைப் பற்றி அவர் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. ஸ்டார்ட் ஆகாத வண்டியின் மோட்டாரைக் கட்டையால் தட்டினால் சில சமயம் சுற்றும். தேய்ந்த பிரஷ் அதிர்ச்சியில் நகர்ந்து மறுபடி தொடுவதால் அப்படி. சாலையில் நடுவழியில் நின்றால் ஒரு முறை செய்து வீடு வந்து சேரலாம். ஆனால் இன்றைய சிறிய ஸ்டார்ட்டர்கள் பலவற்றில் கம்பிச் சுருளுக்குப் பதில் நிலைக்காந்தங்கள் இருக்கின்றன. அவை பீங்கான் ஜாதி. ஓங்கி அடித்தால் விரிசல் விட்டு, துண்டு ஒன்று உள்ளே சுற்றும் ஆர்மேச்சரில் சிக்கி, பிரஷ்ஷோடு போயிருக்க வேண்டிய செலவு முழு மோட்டாருக்கும் வந்து நிற்கும். இதே காரணத்துக்காக அதன் உருளை உடலை வைஸில் வைத்து நெருக்கவும் கூடாது.

நீள போல்ட்டுகள் இரண்டையும் கழற்றிப் பின் மூடியைத் திறந்ததும் கரித்தூள் கொட்டியது. நான்கு பிரஷ்களில் இரண்டு மிகவும் குட்டையாகி, ஸ்பிரிங் அவற்றைத் தள்ளுவதை நிறுத்தி ஹோல்டரின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. ஆர்மேச்சரின் முனையில் பிரஷ்கள் உரசும் செம்புப் பகுதியான கம்யூட்டேட்டர் கறுத்திருந்தாலும் பள்ளம் விழவில்லை. அதைத் துடைக்க எமரித் துணி வேண்டாம் என்று பெரியவர் தடுத்தார். அதன் துகள் மின்சாரம் கடத்தும். செம்புப் பட்டைகளுக்கு இடையே தங்கினால் தொல்லை. மெல்லிய உப்புத்தாளைப் பட்டையாகக் கிழித்துச் சுற்றிப் பிடித்து ஆர்மேச்சரைத் திருப்பினேன். கறுப்பு போய்ச் செம்பு நிறம் வந்தது. பட்டைகளுக்கு இடையே உள்ள கோடுகளில் அடைத்திருந்த கரியை உடைந்த ஆக்சா பிளேடின் முனையால் ஒவ்வொன்றாகக் கீறி எடுத்தேன்.

புது பிரஷ் ஹோல்டர் முழுத் தொகுப்பாகவே ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைத்தது, சில நூறு ரூபாய்க்கு. பழைய வண்டிகளின் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய மோட்டார் ஒன்றையே முழுதாக வாங்கிப் போட்டுவிடலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். அங்கே நல்ல பொருளும் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் இன்னொரு வண்டியில் ஓடித் தேய்ந்த பிரஷ்ஷை வாங்கி, இவ்வளவு பாடுபட்டு அந்தச் சந்துக்குள் மாட்டிவிட்டு, அடுத்த ஆண்டு மறுபடி கழற்ற எனக்குத் தெம்பில்லை. எட்டாத இடத்தில் இருக்கும் பொருளுக்கு மட்டும் மலிவு பார்க்கக் கூடாது.

நான்கு பிரஷ்களும் ஸ்பிரிங் விசையில் உள்நோக்கிப் பிதுங்கிக்கொண்டே இருக்கும். அவற்றுக்கு நடுவே கம்யூட்டேட்டரை நுழைக்க நான்கு கை வேண்டும். இதற்குப் பெரியவரிடம் அழகான தந்திரம் இருந்தது. கம்யூட்டேட்டரின் அதே வெளிச் சுற்றளவுள்ள சாக்கெட் ஒன்றைப் பெட்டியிலிருந்து தேடி எடுத்தார். பிரஷ்களை ஒவ்வொன்றாக விலக்கி அந்தச் சாக்கெட்டைச் சுற்றி உட்கார வைத்தார். சாக்கெட்டை ஆர்மேச்சரின் முனையோடு நேராக ஒட்டிப் பிடித்து ஹோல்டரை அப்படியே தள்ளினார். பிரஷ்கள் சாக்கெட்டிலிருந்து வழுக்கிக் கம்யூட்டேட்டர்மேல் ஏறிக்கொண்டன. கண்ணிமைக்கும் நேரம். நான் மறுபடி கழற்றச் சொல்லி, நானே ஒரு முறை செய்து பார்த்தேன்.

மோட்டாரின் பல்சக்கரம் இருக்கும் பெண்டிக்ஸை பெட்ரோலில் முக்கிக் கழுவாமல் துணியால் மட்டும் துடைத்தோம். உள்ளே ஒரு பக்கம் மட்டும் சுற்றும் கிளட்சின் கிரீஸ் கரைந்து போய்விடக் கூடாது. முன்மூடியின் விளிம்பை வைஸில் பிடித்து, ஜம்பர் வயரால் பேட்டரி கொடுத்ததும் மோட்டார் உதறிக்கொண்டு சுற்றியது. பல் முன்னால் பாய்ந்து, விட்டதும் பின்வாங்கியது. சோதனை அவ்வளவு போதும்.

மாட்டுவதற்கு முன் கியர்பாக்ஸில் மோட்டார் உட்காரும் முகத்தைக் கம்பிப் பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்தேன். ஸ்டார்ட்டருக்கு எர்த் தனி வயரில் வரவில்லை. அந்த முகம் வழியாகத்தான் வருகிறது. அங்கே துருவோ பெயிண்டோ இருந்தால் புது பிரஷ்ஷும் பயன் தராது. மேல் போல்ட்டுக்குப் பதில் அதே நீளத்தில் புதியது வாங்கியிருந்தேன். மரையில் செம்புக் கிரீஸ் ஒரு துளி, அதற்கு மேல் இல்லை. வழவழப்பு கூடினால் அதே கைவலிமைக்குப் போல்ட் அதிகமாக இறுகி, அலுமினிய மரையைப் பிய்த்துவிடும்.

பார்க்க முடியாத துளையில் போல்ட்டைத் தொடங்குவதுதான் கடைசிச் சோதனை. சாக்கெட்டுக்குள் காகிதத் துண்டு ஒன்றை மடித்துப் போட்டு போல்ட் தலையை இறுக்கமாக உட்கார வைத்தேன். எக்ஸ்டென்ஷனை ராட்செட் இல்லாமல் விரலால் பிடித்து, துளையைத் தடவிக் கண்டுபிடித்து, முதலில் கழற்றும் பக்கமாகத் திருப்பினேன். மரையின் முதல் இழை மறுபக்க இழையைத் தாண்டி விழும்போது விரலுக்கு ஒரு சின்னத் துள்ளல் தெரியும். அந்த இடத்தில் நிறுத்தி முடுக்கும் பக்கம் திருப்பினால் நேராக ஏறும். விரலாலேயே நான்கைந்து சுற்று ஏறிய பிறகுதான் ராட்செட்டை மாட்டினேன். இழை மாறி ஏறிய போல்ட் முதல் சுற்றிலேயே முரண்டு பிடிக்கும். ராட்செட் கையில் இருந்தால் அந்த முரண்டு நமக்குத் தெரியாது. சொலினாய்டின் தடித்த வயருக்கான நட்டை அளவோடுதான் முடுக்க வேண்டும். அந்தத் திருகாணி செம்பு. முறுக்கினால் உள்ளே திரும்பிவிடும் அல்லது முறிந்துவிடும். அதன்மேல் ரப்பர் மூடியைத் தள்ளிவிட்டு, மற்றவற்றை மாட்டி, நெகட்டிவ் வயரைக் கடைசியில் இணைத்தேன்.

சாவியைத் திருப்பியதும் முதல் முறையே பிடித்துக்கொண்டது. பேட்டரி கழற்றியிருந்ததால் சற்று நேரம் ஐடிலிங் ஏறி இறங்கிப் பிறகு நிதானமானது. வயர்க் கட்டைப் பிடித்திருந்த கிளிப் பழசாகி உடைந்துவிட்டது. அந்த இடத்தில் நைலான் பட்டை கட்டியிருக்கிறேன். டிரைவ் ஷாஃப்டில் உரசாத தூரத்தில் இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

இதையெல்லாம் மாடியிலிருந்து வேடிக்கை பார்த்த முதல் தளத்துக்காரர், தன் காரில் முன்பக்கப் பயணியின் காலடிக் கம்பளம் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்று இறங்கி வந்தார். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஓடும் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது, டேஷ்போர்டை முழுதாகப் பிரிக்க வேண்டும் என்று எங்கோ சொல்லிவிட்டார்களாம். டேஷ்போர்டைப் பிரிக்கும் வேலையில் நான் இறங்க மாட்டேன். ஏர்பேக், எண்ணற்ற இணைப்பிகள், அதற்குப் பிறகு என்றென்றும் கிரீச்சிடும் பிளாஸ்டிக். ஆனால் கம்பளத்தில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். கூலன்ட் என்றால் பிசுபிசுப்பும் இனிப்பான வாசனையும் இருக்கும். இது வெறும் தண்ணீர். ரேடியேட்டரின் ரிசர்வ் தொட்டியிலும் அளவு குறையவில்லை. ஏசியின் கூலிங் காயிலில் வடியும் தண்ணீர் வெளியே போகச் சிறு ரப்பர்க் குழாய் ஒன்று சுவரைத் தாண்டிக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் தூசியும் சருகும் அடைத்திருந்தன. முனை மழுங்கிய மெல்லிய நைலான் கயிற்றை விட்டுக் குத்தியதும் தேங்கியிருந்தது அத்தனையும் தரையில் கொட்டியது.

அவருக்கு அவ்வளவு சந்தோஷம். “அப்படியே இடது பக்க ஹெட்லைட் பல்பையும் மாற்றிக் கொடுத்துவிடுங்கள் சார், ஐந்து நிமிட வேலைதானே” என்றார். பானெட்டைத் திறந்து பார்த்தேன். அவருடைய மாடலில் விளக்கின் முதுகுக்கும் பேட்டரிக்கும் நடுவே உள்ளங்கைகூட நுழையாது. பம்பரைக் கழற்ற வேண்டும் என்று சொன்னேன். சிரித்தார், நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.